பழைய டயல் பெட்டிக்குப் புதிய வேலை



நமது தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் இம்முறை எடுத்துக்கொண்ட பொருள் பலருக்குப் புதியதாக இருக்கலாம். ஒளிபரப்பு நேரம் போதாமல் சுருக்கமாகச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

கணினி விஷயத்தில் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. ஐந்தாண்டு ஆகிவிட்டால் அது பழசு. பத்தாண்டு ஆகிவிட்டால் பழைய சாமான் வாங்க வருபவரின் லாரிக்குப் போய்விடும். அதோடு வந்த துணைக்கருவிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால், 1980-களிலும் 1990-களிலும் செய்யப்பட்ட ஒரு துணைக்கருவியை இன்றைய கணினியோடு இணைத்து வேலை வாங்க விரும்புகிறவர்கள் விஞ்ஞான உலகில் இருக்கிறார்கள். அதற்குப் பெயர் டயல் பெட்டி. பார்ப்பதற்கு ஒரு சிறிய பெட்டி. அதன் மேல் எட்டுத் திருகு குமிழ்கள். அவ்வளவுதான்.

மருந்து மூலக்கூறுகளையும் புரதங்களையும் திரையில் திருப்பிப் பார்க்கப் பயன்பட்ட கருவி அது. இன்றைய மூலக்கூறு மென்பொருளோடு அதைப் பேச வைக்க முடியுமா? முடியும் என்றால் எப்படி? அதைவிட முக்கியமாக, ஏன்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை காண்போம்.

மூலக்கூறை ஏன் திருப்ப வேண்டும்?

நம் உடம்பில் நடக்கும் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்பவை புரதங்கள். இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பதும் ஒரு புரதம், சாப்பிட்டதைச் செரிக்க வைப்பதும் புரதங்கள். அமினோ அமிலங்கள் என்னும் சிறு துண்டுகள் மணி கோத்தது போல் இணைந்து, பிறகு மடங்கிச் சுருண்டு ஓர் உருவம் பெறுகின்றன. அந்த உருவம்தான் புரதத்தின் வேலையைத் தீர்மானிக்கிறது. பூட்டின் உட்புறம் தெரிந்தால்தானே சாவி செய்ய முடியும்? அதுபோல், புரதத்தின் வளைவுகளும் பள்ளங்களும் தெரிந்தால்தான் அதில் பொருந்தும் மருந்தை வடிவமைக்க முடியும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி பெருகுவதற்கு உதவும் புரோட்டியேஸ் என்ற புரதத்தின் வடிவம் 1989-ஆம் ஆண்டில் வெளியானது. அந்தப் புரதத்தின் வேலையை முடக்கும் முதல் மருந்தான சாக்குவினாவிர், 1995 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வடிவத்தைச் சரியாகப் பார்ப்பது எத்தனை உயிர்களோடு தொடர்புடையது என்பதற்கு இந்த ஒன்று போதும்.

சிக்கல் எங்கே என்றால், புரதம் முப்பரிமாணப் பொருள். கணினித் திரையோ தட்டையானது. ஒரே கோணத்தில் பார்த்தால் முன்னால் இருக்கும் அணு பின்னால் இருக்கும் அணுவை மறைத்துவிடும். சந்தையில் பழம் வாங்குபவர் அதைக் கையில் எடுத்து நாலா பக்கமும் திருப்பிப் பார்ப்பது போல், மூலக்கூறையும் திருப்பிப் பார்க்க வேண்டும். திருப்பும்போதுதான் ஆழம் புரிகிறது.

கம்பிக் காட்டிலிருந்து கணினித் திரைக்கு

ஆரம்ப காலத்தில் இந்தத் திருப்பும் வேலைக்குக் கணினியே கிடையாது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜான் கெண்ட்ரூ, மயோகுளோபின் என்ற தசைப் புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தார். 1958-இல் மங்கலான முதல் உருவமும், 1960-இல் தெளிவான உருவமும் வெளியாயின. அந்தத் தெளிவான உருவத்தை உருவாக்க, செங்குத்தாகக் கம்பிகளை நட்டு, அவற்றின் மேல் வண்ணக் கவ்விகளைப் பொருத்தி, அதற்குள் பித்தளைத் துண்டுகளால் புரதத்தைக் கட்டினார்கள். பார்ப்பதற்குக் கம்பிக் காடு போலவே இருந்தது. உள்ளே ஒரு துண்டைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கம்பிகளுக்கு இடையே கையை விட்டுத் துழாவ வேண்டும். இந்த உழைப்புக்காக 1962-இல் கெண்ட்ரூவும் மேக்ஸ் பெரூட்ஸும் நோபல் பரிசு பெற்றனர்.

1968-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரடெரிக் ரிச்சர்ட்ஸ் வேறொரு வழி கண்டார். பாதி வெள்ளி பூசிய கண்ணாடி ஒன்றின் வழியாக, பித்தளை மாதிரியும் எக்ஸ் கதிர் சோதனையில் கிடைத்த வரைபடமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்படி செய்தார். விஞ்ஞானிகள் அதை ரிச்சர்ட்ஸ் பெட்டி என்று அழைத்தார்கள்.

இதே காலத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் சைரஸ் லெவிந்தாலும் அவருடைய குழுவினரும் மூலக்கூறைக் கணினித் திரையில் கோடுகளாக வரைந்து சுழல விட்டனர். சுழலும் வேகத்தையும் திசையையும் கட்டுப்படுத்த, உள்ளங்கையால் அசைக்கக்கூடிய அரைக்கோள வடிவக் கருவி ஒன்றை வைத்திருந்தார்கள். 1966-இல் அவர் இதைப் பற்றி சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதினார். கவனியுங்கள்: திரையில் மூலக்கூறு வந்த முதல் நாள்களிலேயே அதைத் திருப்பக் கைக்கு ஒரு தனிக் கருவி தேவைப்பட்டது.

1978-இல் ஆல்வின் ஜோன்ஸ் என்னும் படிகவியல் அறிஞர் ஃப்ரோடோ என்ற மென்பொருளை அறிமுகப்படுத்தினார். கம்பியும் பித்தளையும் ஒழிந்து, புரதத்தைத் திரையிலேயே கட்டும் காலம் பிறந்தது. 1968-இல் தொடங்கப்பட்ட ஈவன்ஸ் அண்ட் சதர்லாந்து நிறுவனத்தின் வரைகலைக் கணினிகள் ஆய்வுக்கூடங்களுக்கு வந்தன. 1980-களின் பி.எஸ். 300 வகைக் கணினியோடு எட்டுக் குமிழ்கள் கொண்ட டயல் பெட்டியும் வந்தது. ஒவ்வொரு குமிழுக்கும் மேலே ஒரு சிறிய ஒளி எழுத்துப் பலகை, அந்தக் குமிழ் இப்போது என்ன வேலை செய்கிறது என்று காட்டும். பின்னர் சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனமும் தன் கணினிகளுக்கு எட்டுக் குமிழ்ப் பெட்டியையும், 32 பொத்தான்கள் கொண்ட பெட்டியையும் தந்தது.

எட்டுக் குமிழ் எதற்கு?

ஒரு பொருளை வெளியில் அசைக்க ஆறு வழிகள் உண்டு. இடம் வலம், மேல் கீழ், முன் பின் என்று நகர்த்துவது மூன்று. இந்த மூன்று அச்சுகளையும் சுற்றித் திருப்புவது மூன்று. ஆக ஆறு. ஏழாவதாக, பெரிதாக்கிச் சிறிதாக்குதல். எட்டாவதாக, மூலக்கூறை ரொட்டித் துண்டு போல வெட்டி உள்ளே பார்க்கும் வசதி. 1990-களில் பல மாணவர்கள் பயன்படுத்திய ராஸ்மோல் என்ற மென்பொருளில், டயல் பெட்டியின் எட்டுக் குமிழ்களும் இந்த எட்டு வேலைகளுக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தன.

மௌஸ் என்று நாம் சொல்லும் சுட்டிக்கோ இரண்டே அசைவுகள்தான்: இடம் வலம், மேல் கீழ். இரண்டு அசைவை வைத்துக்கொண்டு எட்டு வேலை செய்ய வேண்டுமென்றால், இந்தப் பொத்தானை அழுத்தினால் திருப்புதல், அந்தப் பொத்தானை அழுத்தினால் நகர்த்துதல், விசைப்பலகையில் இன்னொரு விசையைச் சேர்த்து அழுத்தினால் வேறொன்று என்று ஏற்பாடு செய்ய வேண்டும். அதைத்தான் இன்றைய மென்பொருள்கள் செய்கின்றன.

தொலைக்காட்சி நிலையத்தில் வேலை செய்பவள் என்ற முறையில் எனக்கு இது எளிதாகப் புரிகிறது. எங்கள் ஒலிப்பதிவு அறையில் கணினித் திரை வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் ஒலிப்பொறியாளரின் கை, ஒலிக்கலவை மேசையின் குமிழிலும் நகர்த்தியிலும்தான் இருக்கிறது. அவருடைய கண் படத்தை விட்டு அகலாது. எந்தக் குரலுக்கு எந்தக் குமிழ் என்பது அவருடைய விரலுக்குத் தெரியும். அதே வேலையைச் சுட்டியால் செய்யச் சொன்னால், முதலில் திரையில் அம்புக்குறி எங்கே என்று தேட வேண்டும், பிறகு சரியான இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதற்குள் பேசுபவர் ஒரு வாக்கியம் பேசி முடித்திருப்பார்.

இதையே கணினி ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1986-இல் வில்லியம் பக்ஸ்டனும் பிராட் மையர்ஸும் நடத்திய ஆய்வில், சில வேலைகளை ஒரு கையைவிட இரு கைகளால் செய்தபோது விரைவாக முடிந்தது. இடது கை குமிழைத் திருப்ப, வலது கை சுட்டியால் அணுவைத் தேர்ந்தெடுக்கும் வசதி இதற்கு ஏற்றதுதான்.

ஆனால் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1988-இல் வெளியான இன்னோர் ஆய்வு, முப்பரிமாணப் பொருளைத் திருப்பும் பல முறைகளை ஒப்பிட்டது. பல அச்சுகளில் ஒரே சமயத்தில் திருப்ப வேண்டிய சிக்கலான வேலைக்கு, கண்ணுக்குத் தெரியாத உருண்டையைச் சுட்டியால் உருட்டுவது போன்ற முறை முந்தியது. ஒரே அச்சைச் சுற்றிய எளிய திருப்பலுக்கு அந்த மேன்மை இல்லை. இன்று நாம் சுட்டியால் மூலக்கூறை உருட்டுவது அந்த உருண்டை முறையின் வழியில் வந்ததுதான். ஆகவே, டயல் பெட்டி எல்லாவற்றிலும் சிறந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோணத்தை மட்டும், மற்ற எதுவும் அசையாமல், நுணுக்கமாகத் திருப்ப வேண்டிய வேலைக்குத்தான் அது ஏற்றது.

சென்னையில் பிறந்த வரைபடம்

அப்படிப்பட்ட வேலை உண்மையில் இருக்கிறதா? இருக்கிறது. அதற்கும் சென்னைக்கும் ஓர் அருமையான தொடர்பும் இருக்கிறது.

புரதச் சங்கிலியில் ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் இரண்டு முக்கியமான முறுக்குக் கோணங்கள் உண்டு. ஃபை, சை என்பவை அவற்றின் பெயர். சங்கிலியின் முதுகெலும்பு எந்தப் பக்கம் வளைகிறது என்பதை அவைதான் முடிவு செய்கின்றன. 153 அமினோ அமிலங்கள் உள்ள மயோகுளோபினில் மட்டும் இப்படிச் சுமார் 300 கோணங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என். இராமச்சந்திரன், தம்முடன் ஆய்வு செய்த சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்த இரண்டு கோணங்களும் நினைத்தபடியெல்லாம் இருக்க முடியாது, பல சேர்க்கைகளில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும், சில சேர்க்கைகளுக்கே இடமுண்டு என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். அதுதான் இன்று உலகமெங்கும் இராமச்சந்திரன் வரைபடம் என்று வழங்கப்படுகிறது. ஒரு புரத மாதிரி நம்பத்தக்கதா என்று பார்க்க விஞ்ஞானிகள் இன்றும் திறந்து பார்க்கும் வரைபடம் அது.

இப்போது ஒரு குமிழை ஃபை கோணத்துக்கும் அடுத்த குமிழை சை கோணத்துக்கும் கொடுத்துப் பாருங்கள். குமிழைத் திருப்பத் திருப்ப, சங்கிலி மெல்ல முறுக்கிக்கொள்ளும். இராமச்சந்திரன் வரைபடத்தில் அந்த அமிலத்துக்கான புள்ளி நகரும். அனுமதிக்கப்பட்ட இடத்துக்குள் புள்ளி வந்ததும் கையை நிறுத்தலாம். பழைய சிற்றலை வானொலியில் நிலையம் பிடித்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. இரைச்சல் குறைந்து குரல் தெளியும் இடம் கைக்குத் தானாகத் தெரியும் அல்லவா?

பெட்டி ஏன் ஊமையானது?

இவ்வளவு நல்ல கருவி ஏன் மறைந்தது? முதல் காரணம், அது சார்ந்திருந்த கணினி மறைந்தது. விலையுயர்ந்த தனி வரைகலைக் கணினிகளின் வேலையைச் சாதாரண மேசைக் கணினிகளே செய்யத் தொடங்கின. சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனம் தன் பழைய வகைக் கணினிகளின் தயாரிப்பை 2006-இன் இறுதியில் நிறுத்தியது. அவற்றில் இயங்கிய ஐரிக்ஸ் இயங்குதளத்துக்கான ஆதரவும் 2013 டிசம்பரோடு முடிந்தது.

இரண்டாவது காரணம், புதிய மென்பொருள்கள் சுட்டியையே நம்பி எழுதப்பட்டன. 2000-ஆம் ஆண்டில் வாரன் டிலானோ பைமோல் மென்பொருளை வெளியிட்டார். 2004-இல் பால் எம்ஸ்லியும் கெவின் கௌட்டனும் கூட் என்ற மென்பொருளைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். இவை மாணவர்களின் மடிக்கணினியிலும் ஓடும். மடிக்கணினி வைத்திருக்கும் மாணவரிடம் டயல் பெட்டி ஏது?

மூன்றாவது காரணம் மிகச் சாதாரணமானது. இணைப்பு வடம் மாறிவிட்டது. பழைய பெட்டிகள் ஆர்.எஸ். 232 என்ற தொடர் இணைப்பில் பேசின. இன்றைய கணினிகளில் யு.எஸ்.பி. இணைப்புதான் உண்டு. குமிழ் நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே சுற்றும் அச்சு தேயவில்லை. வடத்தின் முனை பொருந்தவில்லை என்பதற்காக ஒரு கருவி குப்பைக்குப் போகிறது. நம் வீடுகளில் நல்ல நிலையில் இருக்கும் எத்தனையோ பொருள்களுக்கு நேரும் கதிதான் இது.

மீண்டும் பேச வைப்பது எப்படி?

இதை மூன்று படிகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் படி மின்சாரம். பழைய பெட்டிகளில் சிலவற்றுக்குத் தனி மின்வழங்கி வேண்டும். பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் மின்னழுத்த அளவைப் பார்த்து, பன்னளவி வைத்துச் சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். பல ஆண்டு கிடப்பில் இருந்த கருவி என்றால் மின்னியல் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

இரண்டாவது படி வடம். ஆர்.எஸ். 232 இணைப்பை யு.எஸ்.பி.யாக மாற்றும் சிறிய மாற்றி மின்னியல் கடைகளில் கிடைக்கிறது. இங்கே ஓர் எச்சரிக்கை. ஆர்.எஸ். 232 இணைப்பின் மின்னழுத்தம் பூஜ்ஜியத்துக்கு மேலும் கீழும் 15 வோல்ட் வரை போகலாம். ஆர்டுயினோ போன்ற சிறு மின்பலகைகள் 5 வோல்ட்டுக்கோ அதற்குக் குறைவாகவோ உருவானவை. இரண்டையும் நேரடியாக இணைத்தால் பலகை கெட்டுவிடும். இடையில் மின்னழுத்தம் மாற்றும் சில்லு கட்டாயம் வேண்டும். தவிர, எந்த முனையில் எந்தக் கம்பி என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். பெட்டியின் கையேட்டைப் பார்க்காமல் ஊகித்து இணைக்கக்கூடாது.

மூன்றாவது படி மொழிபெயர்ப்பு. சிலிக்கன் கிராஃபிக்ஸ் பெட்டி விநாடிக்கு 9600 பிட் வேகத்தில், எந்தக் குமிழ், எவ்வளவு திரும்பியது என்ற இரண்டு செய்திகளை எண்களாக அனுப்பும். பைமோலுக்கு அந்த எண்கள் புரியாது. ஆகவே நடுவில் ஒரு துபாஷி வேண்டும். அந்தத் துபாஷி ஒரு சிறிய நிரல். பைமோல் பைத்தான் மொழியில் எழுதிய நிரல்களை ஏற்கும் என்பதால், தொடர் இணைப்பைப் படித்து, மூன்றாம் குமிழ் பத்துப் படி திரும்பினால் மூலக்கூறை இசட் அச்சில் இத்தனை பாகை திருப்பு என்று கட்டளை இடும் நிரலை, பைத்தான் கற்ற மாணவர் ஒருவரே எழுதிவிட முடியும்.

எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியதும் இல்லை. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் உருவான வி.ஆர்.பி.என். என்ற திறந்த மூல மென்பொருள் தொகுப்பில், சிலிக்கன் கிராஃபிக்ஸ் டயல் பெட்டியைத் தொடர் இணைப்பு வழியாக நேரடியாகப் படிக்கும் பகுதி இருக்கிறது. ஃப்ரீகுளட் என்னும் வரைகலை நூலகத்திலும் டயல் பெட்டிக்கான நிரல் வரிகள் உண்டு. முன்னோர் வெட்டிய கிணறு இருக்கிறது. வாளியும் கயிறும்தான் நாம் கொண்டுபோக வேண்டும்.

நிரல் எழுதுபவர்களுக்கு இரண்டு குறிப்புகள். பெட்டி அனுப்பும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு முறை திரையை வரைய முயன்றால் படம் திணறும். வரும் அசைவுகளைக் கூட்டி வைத்து, விநாடிக்கு 30 முறை போலச் சேர்த்துக் கொடுத்தால் சீராக ஓடும். அடுத்தது, பழைய குமிழ்கள் சில நேரம் யாரும் தொடாமலே ஒரு படி முன்னும் பின்னும் நடுங்கும். மிகச் சிறிய அந்த நடுக்கத்தைக் கண்டுகொள்ளாமல் விடும்படி நிரலில் சொல்லிவிட வேண்டும்.

பார்வையைத் திருப்புவதா, பொருளைத் திருப்புவதா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வீர்கள் என்றால், இதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பைமோலில் டர்ன் என்றொரு கட்டளை உண்டு, ரொட்டேட் என்றொரு கட்டளையும் உண்டு. இரண்டும் திருப்புவதுதான். ஆனால் டர்ன், பார்ப்பவரின் பார்வையைத் திருப்புகிறது. வீட்டைச் சுற்றி நாம் நடந்து பார்ப்பது போல. வீடு இருந்த இடத்தில் இருக்கிறது. ரொட்டேட், தேர்ந்தெடுத்த அணுக்களையே திருப்பி, அவற்றின் இட எண்களை மாற்றிவிடும். இது வீட்டின் ஓர் அறையைப் பெயர்த்துத் திருப்பி வைப்பது போல. திரையில் பார்க்கும்போது இரண்டும் ஒன்று போலத் தெரியலாம். கோப்பைச் சேமித்த பிறகுதான் வித்தியாசம் தெரியும். மூவ், டிரான்ஸ்லேட் என்ற இரண்டு கட்டளைகளுக்கும் இதே வேறுபாடு.

டயல் பெட்டியைப் பார்வைக்கு மட்டும் இணைத்தால் குமிழ் நடுங்கினாலும், குழந்தை வந்து திருகினாலும் நட்டமில்லை. மூலக்கூறின் கோணத்துக்கு இணைத்தால், தெரியாமல் கை பட்டாலும் புரதத்தின் வடிவம் மாறிவிடும். ஆகவே, பார்வைக் குமிழ்களை ஒரு வரிசையிலும் முறுக்குக் குமிழ்களை இன்னொரு வரிசையிலும் பிரித்து வையுங்கள். முறுக்குக் குமிழ்கள் ஒரு விசையை அழுத்திப் பிடித்திருக்கும்போது மட்டுமே வேலை செய்யும்படி நிரல் எழுதுங்கள். தொடங்கும் முன் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

இது வீண் பயமல்ல. 1990-இல் ஆல்வின் ஜோன்ஸும் கார்ல்-ஐவர் பிராண்டெனும் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். புரத மாதிரி கட்டுபவரின் சொந்தக் கருத்து மாதிரிக்குள் புகுந்துவிடுகிறது, அதனால் பிழையான வடிவங்களும் அச்சேறுகின்றன என்று எச்சரித்தார்கள். ஃப்ரோடோவைப் படைத்த அதே ஜோன்ஸ்தான் இந்த எச்சரிக்கையையும் தந்தார் என்பது கவனிக்கத்தக்கது. 2006-இல் அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று, தன் ஆய்வுக்கூடத்து நிரல் ஒன்று தரவுகளை இடம் மாற்றிவிட்டதால் தவறான வடிவங்கள் கிடைத்ததை அறிந்து ஐந்து ஆய்வுக்கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அது டயல் பெட்டியால் நேர்ந்ததல்ல. ஆனால் நடுவில் இருக்கும் ஒரு சிறிய நிரல் எவ்வளவு பெரிய வேலையைக் கெடுக்கும் என்பதற்கு அது சாட்சி. நாம் எழுதப்போகும் துபாஷியும் அப்படி நடுவில் நிற்கும் நிரல்தான்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. 1971-இல் தொடங்கப்பட்ட புரதத் தரவு வங்கியில் கிராம்பின் என்ற சிறு புரதம் இலவசமாகக் கிடைக்கும். அதில் 46 அமினோ அமிலங்கள்தான். அதைத் திறந்து, பார்வைக் குமிழ்களை மட்டும் நன்றாகத் திருகிவிட்டு, கோப்பைச் சேமித்து, முதல் கோப்போடு ஒப்பிடுங்கள். அணுக்களின் இட எண்கள் ஒன்றுகூட மாறியிருக்கக் கூடாது. மாறியிருந்தால் நிரலில் தவறு இருக்கிறது.

மூன்று கேள்விகள், மூன்று பதில்கள்

பழைய பெட்டி கிடைக்காவிட்டால் என்ன செய்வது? இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் மிடி குமிழ்ப் பலகையை வாங்கலாம். ஆனால் வாங்கும்போது குமிழ் முடிவில்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஓரிடத்தில் முட்டி நிற்கும் குமிழ் என்றால், வழக்கமான மிடி முறையில் அதற்கு 128 படிகள்தான். முழு வட்டமான 360 பாகையை அதில் பங்கிட்டால் ஒரு படிக்கு ஏறக்குறைய 2.8 பாகை வரும். நுணுக்கமான முறுக்கு வேலைக்கு அது கரடுமுரடானது. கைத்திறன் உள்ள மாணவர்கள், சுழல் குறியாக்கிகள் எட்டும் ஒரு சிறு மின்பலகையும் வாங்கித் தாங்களே ஒரு பெட்டி செய்துவிடலாம்.

ஒரே குமிழில் ஆறு அசைவும் செய்யும் முப்பரிமாணச் சுட்டிகள் இருக்கின்றனவே? உண்மைதான், மூலக்கூறைச் சுற்றிப் பார்க்க அவை மிக வசதியானவை. பைமோல் அவற்றோடு வேலை செய்யும். ஆனால் ஆறும் ஒரே குமிழில் இருப்பதால், ஒன்றை மட்டும் அசைக்க நினைக்கும்போது மற்றொன்றும் சேர்ந்து அசையும். டயல் பெட்டியில் அந்தக் கலப்பு இல்லை.

புரதத்தின் வடிவத்தைச் செயற்கை நுண்ணறிவே கணித்துவிடும் காலத்தில் கையால் திருப்புவது தேவையா? ஆல்ஃபாஃபோல்டு என்னும் முறை இத்துறையை மாற்றிவிட்டது. அதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகிய இருவரும், புரத வடிவமைப்புக்காக டேவிட் பேக்கரும் 2024-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஆயினும் கணிப்பு என்பது கணிப்புதான். சோதனையில் கிடைத்த வரைபடத்தோடு அது பொருந்துகிறதா, மருந்து அமரும் இடத்தில் ஒரு பக்கச் சங்கிலி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்த்து முடிவு செய்யும் பொறுப்பு மனிதருடையது. இயந்திரம் எளிய பகுதிகளையெல்லாம் முடித்துவிடுவதால், நம்மிடம் வந்து சேர்வது சந்தேகமான இடங்கள்தான். அங்கேதான் நிதானமாக ஒரு கோணத்தை மட்டும் திருப்பிப் பார்க்கும் கை தேவைப்படுகிறது.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

உயிரியல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். மின்னியல் படிக்கும் பிள்ளைகளும் நிறைய இருக்கிறார்கள். ஆனால் இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு வேலையைச் செய்வது குறைவு. டயல் பெட்டி அதற்கு ஏற்ற பயிற்சி. ஒருவருக்கு முறுக்குக் கோணம் தெரியும், மற்றவருக்கு மின்னழுத்தம் தெரியும். சேர்ந்தால்தான் பெட்டி பேசும். பள்ளி அறிவியல் விழாவுக்குத் தலைப்புத் தேடும் ஆசிரியர்களும் இதைக் கருத்தில் கொள்ளலாம். மென்பொருளின் திறந்த மூலப் பதிப்பும் புரதக் கோப்புகளும் காசில்லாமல் கிடைக்கின்றன.

பழையது எல்லாம் நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. கம்பிக் காட்டுக்கு யாரும் திரும்பிப் போகப்போவதில்லை, போகவும் வேண்டாம். ஆனால் ஒரு கருவியை ஒதுக்கும்போது, அதைவிடச் சிறந்தது வந்ததால் ஒதுக்குகிறோமா, வடம் பொருந்தாததால் ஒதுக்குகிறோமா என்று ஒரு கணம் கேட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டாவதுதான் காரணம் என்றால், சில வெள்ளி மதிப்புள்ள ஒரு மாற்றியும் ஒரு மாணவரின் சில மாலைப் பொழுதுகளும் அந்தக் கருவியைக் காப்பாற்றிவிடும்.

உங்கள் கல்விக்கூடத்தின் பழைய அறையில் எட்டுக் குமிழ்ப் பெட்டி ஏதும் தூசி படிந்து கிடந்தால், லாரி வருவதற்கு முன் ஒரு முறை திருகிப் பாருங்கள். மீண்டும் அடுத்த கலந்துரையாடலில் சந்திப்போம்.